பார்க்கவே வேண்டாம் என்றவன்

‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலைப் படித்தவர்கள் நாலு பேர் கூடி, பீட்டர் ஜாக்சன் எடுத்த மூன்று படங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பொழுது போவது தெரியாது. டாம் பாம்பாடில் எங்கே போனார் என்பார் ஒருவர். குளோர்ஃபிண்டெலின் குதிரையில் அல்லவா ஃப்ரோடோ ஆற்றைக் கடந்தான், அங்கே ஆர்வென் எப்படி வந்தாள் என்பார் இன்னொருவர். போர் முடிந்து ஹாபிட்கள் திரும்பி வரும்போது சொந்த ஊரே நாசமாகிக் கிடக்குமே, அந்த அத்தியாயத்தை அப்படியே விழுங்கிவிட்டார்களே என்று மூன்றாமவர் அங்கலாய்ப்பார். ஆயிரம் பக்கத்துக்கு நீளும் கதையில் கத்தரி விழத்தான் செய்யும் என்று கடைசியில் அவர்களே சமாதானமும் சொல்லிக்கொள்வார்கள். ஆனால் 2002 டிசம்பரில் இரண்டாவது படம் வந்ததிலிருந்து இன்றுவரை ஆறாத ஒரு மனக்குறை இருக்கிறது. அதன் பெயர் ஃபாரமிர்.

வெட்டியதைப் பொறுத்துக்கொள்ளும் வாசகர்கள் மாற்றியதைப் பொறுப்பதில்லை. நாவலை எழுதிய டோல்கீனே அப்படித்தான். ஒரு படத்துக்கான கதைச் சுருக்கம் அவர் கைக்கு வந்தபோது, கதையும் இடங்களும் கெடுவதைவிடப் பாத்திரங்களின் குணம் திரிவதுதான் தன்னை அதிகம் நோகச் செய்யும் என்று 1958இல் எழுதினார். ஜாக்சனின் படம் அவர் இறந்து ஏறக்குறைய முப்பது வருடம் கழித்து வந்தது. நோவதற்கு அவர் இல்லை; அந்தப் பொறுப்பை வாசகர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. கையில் எடுப்பவர் எவரானாலும் ஆளைக் கெடுக்கும் ஒரு மோதிரம். அதை எரிமலையில் போட்டு அழிக்கக் கிளம்பியவன் ஃப்ரோடோ. கூடவே அவனுடைய தோட்டக்காரன் சாம். வழித்துணையாக வந்த மாவீரன் போரமிர், தன் நாட்டைக் காக்க அந்த மோதிரம் வேண்டும் என்று ஃப்ரோடோவின் மேலேயே பாய்கிறான். பிறகு வருந்தி, நண்பர்களைக் காக்கப் போரிட்டுச் சாகிறான். ஃப்ரோடோவும் சாமும் தனியாக நடந்து இதிலியன் காட்டுக்கு வரும்போது போரமிரின் தம்பி ஃபாரமிரின் ஆட்களிடம் சிக்குகிறார்கள். அண்ணனைக் கவிழ்த்த பொருள் தம்பியின் கைக்கெட்டும் தூரத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. தம்பி என்ன செய்வான்?

புத்தகத்தில் இது நடப்பது ஓர் அருவிக்குப் பின்னால் இருக்கும் குகையில். நல்ல சாப்பாடு, கொஞ்சம் மது. வயிறு நிறைந்த சாமுக்கு நாக்கு அவிழ்ந்துவிடுகிறது. போரமிரைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவன், மோதிரம் என்ற சொல்லை வாய்தவறி விட்டுவிடுகிறான். இருவரும் துள்ளி எழுந்து, சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, வாளின் பிடியைத் தேடுகிறார்கள். குகையில் இருந்த வீரர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறார்கள். எழுந்து நிற்கும் ஃபாரமிரின் கண்கள் ஒரு கணம் மின்னுகின்றன. அந்த ஒரு கணம்தான். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து மெல்லச் சிரிக்கிறான். சிரிப்பு அடங்கியதும் அவன் சொல்வதில்தான் விஷயம் இருக்கிறது: அதைப் பார்க்கவோ தொடவோ, அதைப் பற்றி மேற்கொண்டு தெரிந்துகொள்ளவோ தனக்கு விருப்பமில்லை; அப்படிச் செய்யப்போய், ஃப்ரோடோ தாங்கி நிற்கும் சோதனையில் தான் விழுந்துவிடக்கூடும். காலையில் வழிக்கு உணவும் ஊன்றிக்கொள்ள ஆளுக்கொரு கம்பும் கொடுத்து அனுப்பிவைக்கிறான்.

படத்தில் டேவிட் வென்ஹாம் நடித்த ஃபாரமிர் வாளை உருவி, அதன் நுனியால் ஃப்ரோடோவின் கழுத்துச் சங்கிலியைத் தூக்கி, மோதிரத்தை வெளிச்சத்தில் ஆடவிட்டுப் பார்க்கிறான். இருவரையும் கைதிகளாக ஆஸ்கிலியாத் நகரத்துக்கு இழுத்துப்போகிறான். மோதிரத்தை அப்பாவிடம் சேர்ப்பிக்க வேண்டுமாம். அங்கே எதிரியின் ஏவலான நாஸ்கூல் பறந்து வருகிறது, ஃப்ரோடோ மயங்கித் தடுமாறுகிறான், அதையெல்லாம் கண்ணால் கண்ட பிறகுதான் ஃபாரமிர் மனம் மாறி விடுவிக்கிறான். நியாயமாகப் பார்த்தால் நாம் இங்கே இருக்கவே கூடாது என்று அந்த இடத்தில் சாம் சொல்லும்போது, படித்தவர்கள் பக்கத்து இருக்கைக்காரரைப் பார்த்துச் சிரிப்பார்கள். புத்தகத்தில் அவர்கள் ஆஸ்கிலியாத் பக்கமே போகவில்லை.

மாற்றியதற்குக் காரணம் சொன்னார்கள். திரைக்கதை எழுதிய ஃபிரான் வால்ஷும் ஃபிலிப்பா போயன்ஸும் சொன்னது இது: எல்லோரையும் ஆட்டிப்படைக்கும் மோதிரம் என்று இரண்டு படமாகச் சொல்லிக்கொண்டு வருகிறோம், நடுவில் ஒருவன் வந்து எனக்கு வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டுப் போனால் மோதிரத்தின் மேல் இருக்கும் பயமே போய்விடும். தொழில்முறையில் சரியான வாதம். ராட்சதச் சிலந்தி வரும் பகுதியை மூன்றாவது படத்துக்குத் தள்ளிவிட்டதால் இங்கே ஒரு உச்சக்காட்சியும் தேவைப்பட்டது.

ஆனால் இது ஃபாரமிரோடு நிற்கவில்லை. நாவலில் அரகோர்ன் தன் அரசுரிமையை மறைப்பவனில்லை. உடைந்த வாளைக் கூடவே சுமந்துகொண்டு திரிகிறான். படத்தில் அவன் தன் முன்னோரின் பலவீனத்தை நினைத்து மகுடத்துக்கே அஞ்சி ஒதுங்குகிறான். நாவலில் மர மனிதர்கள் மூன்று நாள் கூடிப் பேசிப் போருக்குப் போவது என்று முடிவெடுக்கிறார்கள். படத்தில் அவர்கள் முதலில் மறுத்துவிட்டு, வெட்டப்பட்ட மரங்களை நேரில் கண்டதும் ஆத்திரத்தில் கிளம்புகிறார்கள். மலைப்படிகளில் ஃப்ரோடோ சாமைத் திருப்பி அனுப்புவதும், சாம் அழுதுகொண்டே இறங்குவதும் படத்தில் மட்டும்தான். நாவலில் எவரெல்லாம் உறுதியாக நிற்கிறார்களோ அவர்களுக்கெல்லாம் படம் ஒரு சறுக்கலைக் கொடுத்துவிடுகிறது. சறுக்காத ஆளை நம்ப மாட்டோம் என்று நம்மைப் பற்றி அவர்கள் கணித்திருக்கிறார்கள். கணிப்பு தப்பு என்று எப்படிச் சொல்வது?

என் அண்ணன் மகள் படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வந்தவள். இந்த விஷயத்தில் எங்களுக்குள் ஒத்துப்போனதே இல்லை. “புத்தகத்துல வர்றவன் கோயில் சிலை மாதிரி இருக்கான் அத்தை. படத்துல வர்றவன் தப்புப் பண்ணப் போறான், அப்புறம் திருந்துறான். எனக்கு அவன்தான் பக்கத்துல வர்ற மாதிரி இருக்கு” என்பாள். அவள் கட்சியில் வலு இல்லாமல் இல்லை. நீட்டிக்கப்பட்ட பதிப்பில், அண்ணனையே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு தம்பியைப் புழுவாகப் பார்க்கும் அப்பா டெனதோரின் காட்சி இருக்கிறது. அதைப் பார்த்தால் மோதிரத்தை அப்பா காலடியில் வைக்க ஃபாரமிர் ஏன் துடித்தான் என்று புரிகிறது. செத்துக் கிடக்கும் எதிரி வீரனைப் பார்த்து, இவன் நிஜமாகவே கெட்டவன்தானா என்று நாவலில் சாம் மனதுக்குள் நினைப்பதை அதே பதிப்பில் ஃபாரமிர் வாயில் கொடுத்திருக்கிறார்கள். அது அவனுக்குப் பொருந்தவும் பொருந்துகிறது. மூன்றாவது படத்தில், அப்பா சொன்னார் என்பதற்காக ஃபாரமிர் சாகக் கிளம்ப, அந்த அப்பா தக்காளியைக் கடித்துச் சாறு ஒழுகத் தின்றுகொண்டிருக்க, ஹாபிட் பிப்பின் பாடுவான். தக்காளி நாவலில் கிடையாது. எத்தனை கறாரான டோல்கீன் பக்தராக இருந்தாலும் அந்தக் காட்சியில் வாயடைத்துத்தான் போவார்.

இருந்தும் நான் புத்தகத்தின் பக்கம். காரணம் என் பெரியப்பா.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். அந்த மேசைக்கு என்னென்ன வரும் என்று விளக்கத் தேவையில்லை. பெரியப்பா மேசை இழுப்பறையைத் திறந்தே வைத்திருப்பார். காபியை வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டுபோவார்; பத்திர எழுத்தர்கள் வாங்கித்தரும் டீயைக்கூடத் தொட மாட்டார். யாராவது பேப்பர்களுக்கு நடுவில் கவரை வைத்து நீட்டினால் வாங்காமலே, “உள்ள ஏதோ இருக்கு பாருங்க, எடுத்துட்டுக் குடுங்க” என்பார். குரலில் கோபமோ பெருமையோ இருக்காது. சொந்தக்காரர்கள் அவருக்கு வைத்த பட்டம், பிழைக்கத் தெரியாதவர். அதே அலுவலகத்தில் இருபது வருடம் இரண்டு கையாலும் வாங்கிவிட்டு, நெஞ்சுவலி வந்து பிழைத்ததும் நிறுத்திக்கொண்ட ஒருவர் இருந்தார். அவர் திருந்திய கதையை ஊரே சொல்லும். எனக்கே மூன்று விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல ஒருவரிடமும் கதை இல்லை. அவர் பணி ஓய்வு விழாவில் பேச வந்தவர்கள் நேரந்தவறாமை, கையெழுத்து அழகு என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்கள்.

ஆசையே வந்ததில்லையா பெரியப்பா என்று ஒருநாள் கேட்டேன். இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுக்கக் கடன் வாங்கியவர் அவர். “ஆசை இல்லன்னு யாரும்மா சொன்னா? கையில வாங்கினா எடை தெரிஞ்சிடும். அதான் வாங்குறதில்ல” என்றார்.

இதிலியன் குகையில் ஃபாரமிர் பார்க்கவே வேண்டாம் என்றது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. திரைக்கதை எழுதியவர்களின் பயம் வீண். மோதிரத்துக்குச் சக்தி இல்லை என்பதால் அவன் மறுக்கவில்லை. அது எவ்வளவு பெரிய சக்தி என்று அங்கே இருப்பவர்களில் அவனுக்குத்தான் சரியாகத் தெரிந்திருக்கிறது. தன்னுடைய பலம் எவ்வளவு என்பதும் தெரிந்திருக்கிறது. வாள்நுனியில் தூக்கிப் பார்ப்பவன்தான் அதைக் குறைத்து மதிப்பிடுகிறான்.

இன்னொன்றும் இருக்கிறது. மோதிரம் என்ற பேச்சே வருவதற்கு முன்பு, ஃப்ரோடோவிடம் இருப்பது ஏதோ ஓர் ஆயுதம் என்று மட்டும் ஊகித்த நிலையில், அது நடுவழியில் கிடந்தாலும் எடுக்க மாட்டேன் என்று ஃபாரமிர் சொல்லியிருப்பான். விஷயம் வெளிப்பட்ட பிறகு அந்தச் சொல்லை நினைவுபடுத்திக்கொள்கிறான். இன்னதென்று தெரியாமல் சொன்னதுதான், இருந்தாலும் அதை ஒரு சபதமாகவே எடுத்துக்கொண்டு கட்டுப்படுவேன் என்கிறான். எனக்கு நாவல் முழுவதிலும் பிடித்த இடம் இதுதான். இருபது வயதில் நாம் அடித்துப் பேசுவதெல்லாம் விலை தெரியாமல் பேசுவதுதானே? வேலைக்குச் சேர்ந்த புதிதில் திண்ணையில் உட்கார்ந்து, லஞ்சம் வாங்க மாட்டேன் என்று பெரியப்பா சொன்ன சொல்லும் அப்படிப்பட்டதுதான். பெண்களின் கல்யாணச் செலவு அப்போது அவருக்குத் தெரியாது. விலை தெரிந்த பிறகு, அன்றைக்குச் சின்னப்பையன் தெரியாமல் பேசினேன் என்று கழன்றுகொள்ள எல்லா நியாயமும் இருந்தது. படம் தேடிய நாடகம் இங்கே இருக்கிறது. ஆனால் அது ஆஸ்கிலியாத் கோட்டைமேல் நடக்காது; ஒரு மனிதன் நாற்காலியில் உட்கார்ந்து, முன்பு சொன்னதை நினைத்துப் பார்ப்பதில் நடந்துவிடுகிறது.

ஃபாரமிரைத் தான் திட்டமிட்டு உருவாக்கவில்லை என்று டோல்கீன் 1944 மே மாதம் மகன் கிறிஸ்டோபருக்கு எழுதினார். மகன் அப்போது விமானப்படைப் பயிற்சிக்காகத் தென்னாப்பிரிக்காவில் இருந்தார். தான் வரவழைக்காமலே அந்த ஆள் இதிலியன் காட்டுக்குள் நடந்து வந்துவிட்டான் என்று அவருக்கே வியப்பு. பிற்பாடு, தன் பாத்திரங்களில் யாராவது தன்னைப்போல இருந்தால் அது ஃபாரமிர்தான் என்றும், ஆனால் அவனுக்கிருக்கும் தைரியம் தனக்கில்லை என்றும் எழுதியிருக்கிறார். 1916இல் சோம் போர்க்களத்தில் நின்று, நெருங்கிய நண்பர்களைப் பறிகொடுத்தவர் சொல்கிறார் இதை. அவரை அடிக்கடி துரத்திய கனவு ஒன்று, பேரலை எழுந்து நிலத்தையே மூடுவது. அதையும் ஃபாரமிருக்கே கொடுத்தார். படத்தின் நீட்டிக்கப்பட்ட பதிப்பில் அந்தக் கனவு ஏயோவின் என்ற இன்னொரு பாத்திரத்துக்குப் போய்விட்டது. பாவம், ஃபாரமிரிடம் அதையும் விட்டுவைக்கவில்லை.

உறுதியாக நிற்பவன் எப்போதும் நின்றுவிடுவான் என்று டோல்கீன் சொல்லவில்லை. அத்தனை தூரம் சுமந்து வந்த ஃப்ரோடோவே எரிமலை விளிம்பில் மோதிரத்தைப் போட மறுத்து, எனக்கே என்று விரலில் மாட்டிக்கொள்கிறான். அதை ஒழுக்கத் தோல்வியாகக் கொள்ளக்கூடாது, அந்த இடத்தில் அந்தப் பாரத்தை எந்த மனிதனாலும் தாங்க முடியாது என்று 1963இல் ஒரு வாசகிக்கு எழுதிய கடிதத்தில் அவர் வாதாடுகிறார். மாதக்கணக்கில் மார்பில் சுமந்தவனுக்கு அந்தக் கதி. ஃபாரமிர் ஒரே இரவில் அனுப்பிவைத்தான். பெரியப்பா கவரை உள்ளே வரவிட்டதே இல்லை. நல்லவர்களில் பலர் பெரிய வீரர்கள் இல்லை, எச்சரிக்கையானவர்கள் என்றுகூடச் சொல்லலாம்.

இதையெல்லாம் அண்ணன் மகளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி அத்தை, ஆனா அந்த மாதிரி ஆள்கிட்ட நான் தப்புப் பண்ணிட்டேன்னு போய்ச் சொல்ல முடியுமா?” என்றாள். அவள் சண்டை முழுக்க இதற்காகத்தான் என்று அப்போது தெரிந்தது.

முடியும் என்றேன். அண்ணன் மோதிரத்தைப் பறிக்கப் பார்த்தான் என்று தெரிந்தபோது ஃபாரமிர் காறித் துப்பவில்லை. அண்ணனுக்கு வாய்த்த சோதனை கடுமையானது என்று துக்கப்பட்டான். பெரியப்பாவின் கதையும் சொன்னேன். கூட வேலை பார்த்த ஒருவர் லஞ்ச ஒழிப்புக்காரர்களிடம் பிடிபட்டு, ஜாமீனில் வந்த அன்று இரவு, அவருக்குப் பங்கு கொடுத்துச் சாப்பிட்ட அத்தனை பேரையும் விட்டுவிட்டுப் பெரியப்பா வீட்டுக்குத்தான் வந்தார். இரண்டு பேரும் பின்கட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். பெரியம்மா இரண்டு தடவை காபி போட்டுக் கொடுத்தாள். பெரியப்பா அதிகம் பேசவில்லையாம்.

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். “பெரிய தாத்தா அப்படித்தான், ஒத்துக்கிறேன்” என்றாள். “ஆனா இதை எப்படிப் படமா எடுப்பாங்க அத்தை?”