எங்க வீட்டு விஷயம்!

பக்கத்து வீட்டில் பையனை அறைக்குள் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்கள். 'திறந்து விடுடா' என்று தாத்தாவே சொல்லியாகிவிட்டது. அப்பா கேட்கவில்லை. நீங்கள் போய்க் கேட்டால், 'இது எங்க வீட்டு விஷயம். எங்க தாத்தா பார்த்துக்குவார். நீங்க யாரு?' என்கிறார். என்ன பதில் சொல்வீர்கள்?

சிரிக்காதீர்கள். ஏறக்குறைய இதே வாதத்தை ஓர் அரசாங்கமே நீதிமன்றத்தில் வைத்திருக்கிறது.

நாடு, நைஜீரியா. பூட்டப்பட்டவர் சாம்போ தசூகி. முந்தைய ஆட்சியின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர். ஆயுதம் வாங்க வைத்திருந்த சுமார் 210 கோடி டாலரைத் திசைதிருப்பினார் என்பது குற்றச்சாட்டு. 2015-ல் உள்நாட்டு நீதிமன்றங்கள் ஜாமீன் கொடுத்தன. அந்த டிசம்பரில் சிறை வாசலைத் தாண்டியதுமே மறுபடி பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அவர் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொது நீதிமன்றமான எகோவாஸ் கோர்ட்டுக்குப் போனார். (அது இருப்பதும் நைஜீரியத் தலைநகர் அபுஜாவில்தான்!) 'எங்கள் கோர்ட் உத்தரவு சம்பந்தப்பட்ட விவகாரம் இது. உங்களுக்கு அதிகாரம் கிடையாது' என்றது அரசு.

இந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. வெளியிலிருக்கும் நீதிமன்றம் உள்ளூர்த் தீர்ப்புகளுக்கு அமீனா வேலை பார்க்க ஆரம்பித்தால், உள்ளூர் நீதிபதிக்கு என்ன மரியாதை மிஞ்சும்?

ஆனால், எகோவாஸ் கோர்ட் அமீனாவாக வரவில்லை. ஒரு மனிதனை இப்படி அடைத்து வைப்பது உரிமை மீறலா, இல்லையா? அதை மட்டும்தான் பார்த்தது. அந்த அதிகாரத்தை 2005-ல் உறுப்பு நாடுகளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கின்றன. 2016 அக்டோபர் 4-ல் தீர்ப்பு வந்தது: காவல் சட்டவிரோதம், 1.5 கோடி நைரா இழப்பீடு கொடு.

இப்போது யோசித்துப் பாருங்கள். 'எங்கள் நீதிமன்றத்தை மதியுங்கள்' என்று ஊருக்குச் சொல்ல யாருக்குத் தகுதி இருக்கிறது? அதற்குக் கீழ்ப்படிந்தவனுக்கு. மீறியவனே அதைக் கேடயமாகத் தூக்கிப் பிடித்தால், அதற்குப் பெயர் மரியாதையா?

'கோடி கோடியாகச் சுருட்டியதாகச் சொல்கிறார்கள். அவருக்குப் போய்ப் பரிதாபப்படணுமா?' என்று கேட்பீர்கள். வேண்டாம். பரிதாபம் வேறு, நியாயம் வேறு. குற்றவாளியா என்பதை வழக்கு முடிவு செய்யட்டும். ஜாமீன் என்பது மன்னிப்பு அல்ல, நீதிபதியின் உத்தரவு. பிடிக்காத ஆள் விஷயத்தில் அதை மீறலாம் என்றால், அடுத்து யாரைப் பிடிக்காமல் போகும் என்று யார் சொல்ல முடியும்?

2018-ல் நைஜீரிய சட்ட அமைச்சர், தனிமனித உரிமையைவிடப் பொதுநலன் பெரிது என்று விளக்கம் சொன்னார். தசூகி வெளியே வந்தது 2019 டிசம்பர் 24-ல். தீர்ப்புக்கு மூன்று வருஷம் கழித்து.

அதிகாரம் இருக்கிறதா என்று அரசு அடுத்தவரைக் கேட்டது. அதே கேள்வியைத் தன்னிடம் ஒரு தடவை கேட்டிருந்தால் வழக்கே வந்திருக்காது.