கேட்காதவருக்கும் சொல்ல வேண்டுமா?



தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூர், மண்ணிவாக்கம், படப்பை சுற்றுவட்டாரத்தில் மனை, வீடு விற்றுக் கொடுக்கும் தொழிலில் இருபது வருஷத்துக்கு மேலாக இருக்கிறேன். விசிட்டிங் கார்டில் ரியல் எஸ்டேட் ஏஜெண்ட் என்று போட்டிருக்கிறது. ஜனங்கள் வாயில் புரோக்கர்தான். விசுவாசிகளில் பலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "பிரதர், உங்க தொழில்ல பொய் சொல்லாம பிழைக்க முடியுதா?"

முடிகிறது. ஏரிப் புறம்போக்கைப் பட்டா மனை என்று காட்டாமல் இருக்கலாம். அங்கீகாரம் இல்லாததை அங்கீகாரம் பெற்றது என்று சொல்லாமல் இருக்கலாம். அது அவ்வளவு பெரிய யுத்தம் அல்ல. பெரிய யுத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. வாங்குகிறவர் கேட்கவே இல்லை, எனக்கோ தெரியும். அப்போது வாயைத் திறக்க வேண்டுமா, வேண்டாமா? நான் ஒரு பொய்யும் சொல்லவில்லையே! மெளனம் பாவமாகுமா?

இது புரோக்கருக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல. பழைய வண்டி விற்கிறவருக்கும் உண்டு, பால் ஊற்றுகிறவருக்கும் உண்டு, மகனுக்குப் பெண் பேசப் போகிற தகப்பனுக்கும் உண்டு. ஆகையால் பொறுமையாக வாசியுங்கள்.

வெயில் காலத்து மனை

மனை பார்க்க ஜனங்கள் வருவது பெரும்பாலும் சித்திரை, வைகாசியில். பள்ளிக்கூட லீவு. பூமி பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். "நல்ல மேடான இடமா தெரியுதே" என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். நாம் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. வெயிலே நமக்காக வியாபாரம் பேசும்.

ஆனால் உள்ளூர்க்காரனுக்குத் தெரியும். 2015 டிசம்பரில் அடையாறு பொங்கினபோது முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து, ஜனங்களைப் படகில் வெளியே கொண்டுவந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் அந்தப் பக்கம் வந்தது. பல காம்பவுண்டுச் சுவர்களில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு இருக்கும். மனை பார்க்க வந்தவர் அந்தச் சுவரில்தான் சாய்ந்து நின்று போன் பேசுவார்.

அப்படிப்பட்ட ஒரு மனைக்கு ஒரு பெரியவர் வந்தார். ரிட்டயர் ஆகி வந்த பணம். விலை பிடித்துவிட்டது, அட்வான்ஸ் கையில் இருந்தது. நான் சுவரைக் காட்டி, "ஐயா, தண்ணி இதுவரைக்கும் வந்திருக்கு. ஐப்பசி, கார்த்திகையில ஒரு தடவை வந்து பார்த்துட்டு முடிவு பண்ணுங்க" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லிப் போனார், திரும்ப வரவில்லை. பத்து நாளில் அதே மனையை வேறொரு புரோக்கர் வேறொருவருக்கு முடித்துக் கொடுத்தார்.

அது ஜூன் மாதம். பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்ட வேண்டும். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை, நகையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். என் மகன்தான் கேட்டான்: "அப்பா, மனையும் வித்துப் போச்சு, வாங்கினவரும் மாட்டிக்கிட்டாரு. கமிஷன் மட்டும் நமக்கு இல்ல. நீங்க சொன்னதால யாருக்கு லாபம்?"

பிள்ளை கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு "கர்த்தர் பார்த்துக்குவார்" என்று மட்டும் சொல்லி வாயை அடைக்க எனக்கு மனதில்லை.

சட்டத்தில் ஒரு குதிரை

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872ல் வந்தது. மோசடி என்றால் என்ன என்று சொல்கிற 17வது பிரிவில் ஒரு குதிரையை உதாரணமாக வைத்திருக்கிறார்கள். ஒருவர் தன் குதிரையை ஏலத்தில் விற்கிறார். அதற்குச் சுகமில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனால் வாங்குகிறவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. இது மோசடியா? இல்லை என்கிறது சட்டம். வெறும் மெளனம் மோசடி ஆகாது.

அதோடு நின்றிருந்தால் புரோக்கர்களுக்கெல்லாம் கொண்டாட்டம்தான். ஆனால் அடுத்த உதாரணத்தைக் கவனியுங்கள். வாங்குகிறவள் அவருடைய சொந்த மகள், இப்போதுதான் மேஜரானவள் என்றால்? அப்போது சொல்வது தகப்பனுடைய கடமை என்கிறது அதே சட்டம். அதே குதிரை, அதே நோய், அதே ஏலம். உறவு மாறினது, உறவு மாறினதால் கடமையும் மாறிப்போனது.

நிலத்தைப் பற்றி இன்னொரு சட்டம் உண்டு: 1882ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம், 55வது பிரிவு. சொத்திலோ உரிமையிலோ உள்ள முக்கியமான குறை தனக்குத் தெரிந்திருந்து, அது வாங்குகிறவருக்குத் தெரியாமலும் சாதாரண ஜாக்கிரதையோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததாகவும் இருந்தால், விற்கிறவர் அதைச் சொல்லியே ஆக வேண்டும். நல்ல சட்டம். ஆனால் என் பழுப்புக் கோடு? அது சுவரில் எல்லாருக்கும் தெரியும்படிதானே இருக்கிறது! அந்தச் சட்டமும் விற்கிறவரைப் பற்றித்தான் பேசுகிறது. நடுவில் நிற்கிற என்னைப் பேர் சொல்லவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எந்தக் கோர்ட்டிலும் தப்பித்துக்கொள்ளலாம்.

பிரியமானவர்களே, சட்டம் நம்மை விட்டுவிடுகிற இடத்தில்தான் மனசாட்சியின் வேலை ஆரம்பிக்கிறது. கண் தெரியாதவன் நடக்கிற வழியில் இடறுகிற பொருளை வைக்கக்கூடாது என்று லேவியராகமம் 19ம் அதிகாரத்தில் கட்டளை இருக்கிறது. கல்லை நான் வைக்கவில்லை, அது ஏற்கெனவே அங்கே கிடந்தது என்று சொல்லலாம். ஆனால் அவர் கையைப் பிடித்து அந்த வழியாக அழைத்துக்கொண்டு வந்தது யார்? நான் அல்லவா? அதற்குத்தானே கமிஷன்!

ஆகையால் என் மகனிடம் இப்படிச் சொன்னேன்: "லாபம் அந்தப் பெரியவருக்கு. அவர் பணம் அவர்கிட்ட இருக்கு. ஊரையெல்லாம் காப்பாத்த என்னால முடியாது. ஆனா என் வார்த்தையை நம்பி என் பக்கத்துல நின்னவருக்கு நான் உத்தரவாதி." அவன் முழுவதும் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டான்.

எல்லாவற்றையும் சொல்லலாமா?

அப்படியானால் தெரிந்ததையெல்லாம் கொட்டிவிட வேண்டுமா? இல்லை. விற்கிறவரும் என்னை நம்பித்தான் வந்திருக்கிறார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, கையில் பணமில்லை; அல்லது ஆஸ்பத்திரியில் ஆள் படுத்திருக்கிறார்; இந்த மாதத்துக்குள் விற்றே ஆக வேண்டும். இதை வாங்குகிறவர் காதில் போட்டால் விலை உடனே இரண்டு லட்சம் குறையும். அதுவும் உண்மைதான். ஆனால் அந்த உண்மை அவர் வீட்டுக் கண்ணீர். அதை எடுத்து விற்க எனக்கு அதிகாரமில்லை.

நான் பிடித்துக்கொண்டிருக்கிற அளவுகோல் இது. நிலத்தின் குறை வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும். மனுஷனின் கஷ்டம் அவனோடு இருக்க வேண்டும். தண்ணீர் நிற்குமா, பாதை பத்திரத்தில் இருக்கிறதா, தாய்ப்பத்திரத்தில் விடுபட்ட வாரிசு யாராவது உண்டா, கோர்ட்டில் வழக்கு நடக்கிறதா, இவையெல்லாம் நிலத்தின் காரியம். வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தான் வரும். பதிவு செய்யாத உயில் அதில் வராது. ஆகையால் எனக்குத் தெரிந்ததைக் கேட்காமலே சொல்லுகிறேன்.

கூடப்பிறந்தவளின் கையெழுத்து

இந்த அளவுகோல் வீட்டுக்குள் வரும்போதுதான் கனமாகிறது. தகப்பனார் உயில் எழுதாமல் மரித்துப்போனார். அண்ணன் தம்பிகள் நிலத்தை விற்க என்னிடம் வருகிறார்கள். கட்டிக்கொடுத்த தங்கச்சிக்குப் போன் போகிறது: "பாப்பா, சப்-ரிஜிஸ்டிரார் ஆபீஸ் வரைக்கும் வந்து ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போ." அவளும் காபி குடித்துவிட்டு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஏறிவிடுகிறாள். என்ன எழுதியிருக்கிறது என்று அவள் கேட்பதில்லை.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம் இருக்கிறது. உயில் இல்லாமல் தகப்பன் மரித்தால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. ஆண், பெண் என்கிற வித்தியாசம் அதில் இல்லை. கேரளத்தில் மேரி ராய் அம்மையார் தொடர்ந்த வழக்கில், பழைய திருவிதாங்கூர் பகுதிக் கிறிஸ்தவப் பெண்களுக்கும் இந்தச் சட்டம்தான் என்று 1986ல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்கெல்லாம் வெகுகாலத்துக்கு முன்னே செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் மோசேக்கு முன்பாக நின்று பங்கு கேட்டார்கள். அவர்கள் கேட்டது சரி என்று கர்த்தரே சொன்னார் (எண்ணாகமம் 27).

ஆகையால் கையெழுத்துக்கு முன்னால் நான் அந்தச் சகோதரியிடம் சொல்லிவிடுகிறேன்: "அம்மா, உங்க பங்கு இவ்வளவு. இதுல கையெழுத்துப் போட்டா அதை விட்டுக்கொடுக்கிறீங்க." சில வீடுகளில் இதற்காக என்னைத் திட்டியிருக்கிறார்கள். "எங்க குடும்பத்தைப் பிரிக்க வந்தியா?" என்று கேட்டவர்கள் உண்டு. ஒரு சகோதரி நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, "தெரியும் அண்ணே. தம்பி கஷ்டத்துல இருக்கான், அவனே வச்சுக்கட்டும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கு அந்தத் தம்பி அழுததை நான் பார்த்தேன். தெரிந்து விட்டுக்கொடுத்தால் அது அன்பு. தெரியாமல் எடுக்கப்பட்டால் அதற்கு வேறே பேர்.

சபைக்குள்ளே

நம்முடைய சபைகளில் ஒருவரையொருவர் பிரதர், சிஸ்டர் என்று அழைக்கிறோம். ஒரு சபையார் என்பதினாலேயே பத்திரத்தை வாசித்துப் பார்க்காமல் பணம் கொடுக்கிறவர்கள் உண்டு. "ஜெபம் பண்ணேன் பிரதர், சமாதானம் இருக்கு, முடிச்சிடுங்க" என்பார்கள். ஜெபியுங்கள், வில்லங்கமும் போட்டுப் பாருங்கள், வக்கீலிடமும் காட்டுங்கள். ஜெபம் ஜாக்கிரதைக்குப் பதில் அல்ல. விற்கிற நமக்கோ, அவர் "பிரதர்" என்று சொன்ன அந்த நிமிஷமே சட்டத்தின் இரண்டாவது உதாரணம் வந்துவிடுகிறது. வாங்குகிறவர் இனி அந்நியர் அல்ல, வீட்டுப் பிள்ளை. இனி நம்முடைய மெளனம் வெறும் மெளனம் அல்ல.

வாடகை வீட்டிலும் இப்படித்தான். "நம்ம ஆளுங்களா இருந்தா பாருங்க" என்று சில வீட்டுக்காரர்கள் சொல்லுவார்கள். விசுவாசிகளும் சொல்லுகிறார்கள், அதைச் சொல்லவே வெட்கமாயிருக்கிறது. அந்தக் கேள்வியை வாடகைக்கு வருகிறவரிடம் நான் சுமந்துகொண்டு போவதில்லை. "அதை நான் கேட்க மாட்டேன், வேற ஆளைப் பாருங்க" என்று வீட்டுக்காரரிடமே நேராகச் சொல்லிவிடுகிறேன். தலையை ஆட்டிக்கொண்டு வந்துவிடுவது எளிது. ஆனால் அந்த மெளனமும் ஒரு சம்மதம்தான்.

எரேமியா தீர்க்கதரிசி ஆனதோத்தில் நிலம் வாங்கினபோது பதினேழு சேக்கல் வெள்ளியைச் சாட்சிகளுக்கு முன்பாக நிறுத்துக் கொடுத்தார். முத்திரை போட்ட பத்திரம் ஒன்று, திறந்த பத்திரம் ஒன்று, இரண்டையும் மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார் (எரேமியா 32). நம்மிடத்திலும் இரண்டு இருக்கட்டும். அடுத்தவருடைய கஷ்டத்துக்கு முத்திரை போட்டு வைப்போம். அவருக்கு நஷ்டம் வருத்தும் காரியத்தைத் திறந்து வைப்போம். எது எந்தப் பத்திரத்தில் சேரும் என்று தெரியாமல் நிற்கிற நாளில், நம்மை நம்பி வந்தவர் சொந்த மகளாயிருந்தால் என்ன செய்வோம் என்று கேட்டுக்கொண்டால் போதும்.

கர்த்தர் நம்முடைய வாய்க்கும், நம்முடைய மெளனத்துக்கும் காவல் வைப்பாராக. ஆமென்.

— சபையின் ஒரு சகோதரன்