சூடான சப்பாத்தியும் அடுப்படியில் நிற்பவளும்

சோறும் குழம்பும் ஒருவகையில் நியாயமான உணவு. சமைத்து இறக்கிவிட்டால் சமைத்தவளும் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடலாம். பல வீடுகளில் அப்படி நடப்பதில்லை என்பது வேறு விஷயம். ஆனால் அந்த உணவு அதைத் தடுப்பதில்லை. தோசையும் சப்பாத்தியும் அப்படியல்ல. 'சூடாக வேண்டும்' என்று ஒரு வீடு முடிவு செய்துவிட்டால், மற்றவர்கள் கை கழுவும்வரை ஒருவர் அடுப்படியில் நின்றே ஆக வேண்டும். அந்த ஒருவர் யார் என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை.

தமிழ் வீடுகளில் சப்பாத்தி தினசரி இரவு உணவாக மாறியதில் சர்க்கரை நோய்க்குப் பெரும் பங்கு உண்டு. 'ராத்திரிக்குச் சோறு வேண்டாம், ரெண்டு சப்பாத்தி போதும்' என்கிறார் டாக்டர். அவர் சொல்வது நோயாளியிடம். வேலை கூடுவது நோயாளியின் மனைவிக்கு. அப்பாவுக்குச் சர்க்கரை வந்தபோது ஐம்பது வயதுக்கு மேல் என் அம்மா சப்பாத்தி போடக் கற்றுக்கொண்டார். சில வருடங்களில் அவருக்கும் சர்க்கரை வந்தது. ஆனால் இரவில் அவர் சாப்பிட்டது மத்தியானம் மிஞ்சிய சோற்றைத்தான். எல்லோருக்கும் போட்டு முடித்த பிறகு தனக்கென்று இரண்டு தேய்க்க அவருக்குத் தெம்பு இருந்ததில்லை. யாரும் அவரைச் சாப்பிட வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் கொடுமைக்காரர்கள் யாருமில்லை. அதனால்தான் இந்த விஷயம் எனக்கு ஓர் அறக்கேள்வியாகப் படுகிறது: யாரும் தீங்கு நினைக்காத ஒரு வீட்டில் இந்த அநீதி எப்படித் தினமும் நடந்தது?

விடை அந்த 'சூடாக' என்ற சொல்லில் இருக்கிறது. சூடாக இருந்தால்தான் மெத்தென்று இருக்கும், ஆறினால் வறட்டியாகிவிடும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அது உண்மையா? கோதுமை மாவில் தண்ணீர் சேர்ந்ததும் அதிலுள்ள புரதங்கள் பிணைந்து குளூட்டன் என்கிற வலையாகின்றன. பிசைந்தவுடன் தேய்த்தால் அந்த வலை இழுத்துக்கொள்ளும், வட்டம் சுருங்கும். ஈரத்துணியால் மூடி அரை மணி நேரம் விட்டால் தளர்ந்துகொடுக்கும். மாவைக் கொஞ்சம் இளக்கமாகப் பிசைய வேண்டும். உள்ளே இருக்கும் நீர்தான் ஆவியாகிச் சப்பாத்தியை உப்பவைக்கிறது. கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். சிறு தீயில் நெடுநேரம் கிடந்தால் ஈரம் வற்றி அப்பளமாகிவிடும். எடுத்ததும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் துணியில் சுற்றி ஹாட் பாக்ஸில் வைத்தால், மணிக்கணக்கில் மெத்தென்றே இருக்கும்.

அப்படியானால் கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வர வேண்டும் என்று கேட்பது எதற்கு? உப்பிய சப்பாத்தியைப் பிய்க்கும்போது வரும் அந்த மணம் தனிதான், நான் மறுக்கவில்லை. எனக்கும் அது பிடிக்கும். ஆனால் அந்தக் கொஞ்சம் கூடுதல் ருசிக்காக இன்னொருவர் தினமும் தனியாக நின்று, கடைசியில் ஆறியதைச் சாப்பிட வேண்டுமா? ருசிக்கும் நியாயத்துக்கும் இடையே தேர்வு செய்ய வேண்டிய இடம் இது. ருசியின் பக்கம் தீர்ப்பு சொல்பவர் அதற்கான விலையைக் கொடுப்பவராக இருப்பதில்லை.

இதே வேலையைத் தெருவில் பாருங்கள். பரோட்டாக் கடையில் மாவைப் பிசைந்து வீசுகிறவர் பெரும்பாலும் ஆண். அவர் பெயர் 'மாஸ்டர்'. அவருக்குச் சம்பளம் உண்டு, சாப்பாட்டு நேரம் உண்டு, பிடிக்காவிட்டால் வேறு கடைக்குப் போகும் வாய்ப்பும் உண்டு. வீட்டுக்குள் அதே திறமைக்குக் 'கைப்பக்குவம்' என்று பெயர். அது பாராட்டு மாதிரிதான் கேட்கும். ஆனால் 'உன் கையால் போட்டால்தான் நன்றாக இருக்கும்' என்று சொல்லப்பட்ட பெண் நாளைக்கும் அங்கேயே நிற்பாள். சிறுமி தேய்த்த முதல் சப்பாத்தி கோணினால் 'ஆஸ்திரேலியா மேப்' என்று சிரிப்பார்கள், போகிற வீட்டில் என்ன சொல்வார்கள் என்பார்கள். பையன் தேய்த்தது கோணினால் போட்டோ எடுத்து உறவினர்களுக்கு அனுப்புவார்கள்.

இந்த வேறுபாடுகளின் மொத்தம் எவ்வளவு என்பதை அரசே கணக்கெடுத்திருக்கிறது. 2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் சராசரியாகச் செலவிடுவது 289 நிமிடங்கள். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடங்கள். வீட்டுவேலையே செய்யாத ஆண்கள் இந்தச் சராசரிக்குள் வரவே இல்லை.

'அன்போடு செய்வதற்குக் கணக்கு பார்க்கலாமா?' என்று கேட்பார்கள். அன்பை நான் சந்தேகிக்கவில்லை. பசித்து வந்தவருக்குச் சூடாக ஒன்று போட்டுக்கொடுப்பதில் உள்ள சந்தோஷம் எனக்குத் தெரியும். ஆனால் கொடுக்காமல் இருக்கவும் முடிகிற இடத்தில் கொடுப்பதுதான் கொடை. கொடுக்காவிட்டால் குற்றம் என்றிருக்கும் இடத்தில் அது வரி. வரி கட்டுபவர் முகம் மலர்ந்து கட்டினாலும் அது வரிதான். சமையலுக்கு ஆள் வைத்துவிட்டால் தீர்ந்தது என்பதும் சரியில்லை. நிற்கும் பெண் மாறுகிறாள், நிற்பது மாறுவதில்லை.

எங்கள் வீட்டில் இப்போது மாவு பிசைவது ஒருவர், தேய்ப்பது ஒருவர், சுடுவது ஒருவர். எல்லாம் ஹாட் பாக்ஸுக்குள் போன பிறகுதான் தட்டு எடுக்கிறோம். சில நாள் கொஞ்சம் தடிமனாக இருக்கிறது, சாப்பிட்டுவிடுகிறோம்.

உங்கள் வீட்டில் நிலவரம் என்ன என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. ஓர் இரவு, முதல் இரண்டு சப்பாத்தியை உங்கள் தட்டில் போட்டுக்கொண்டு உட்காருங்கள். 'அடுத்ததை நான் போடுகிறேன்' என்று யாராவது எழுந்திருக்கிறார்களா, எல்லோரும் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார்களா என்று கவனியுங்கள்.