ஆறுதலும் பயிற்சியும்

துன்புற்று வரும் ஒருவருக்கு நாம் அளிக்க வேண்டியது ஆறுதலா, அன்றிச் செய்து முடிக்க வேண்டியதொரு வேலையா? வேதாகமத்தை அடிப்படையாகக் கொண்டு எழுந்த உளவளத்துணை நெறியொன்று, ஆறுதல் மட்டும் போதாது, வேலையும் வேண்டும் என விடை கூறுகின்றது. அவ்விடையின் அறத்தகுதியை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஐக்கிய அமெரிக்க இறையியலாளர் ஜே அடம்ஸ் 1970இல் வெளியிட்ட நூலொன்றின் வாயிலாக இந்நெறி பரவலாயிற்று. உளப்பகுப்பாய்வாளர் கடந்த காலத்தை நீண்ட உரையாடல்களினூடே அகழ்ந்தனர். கார்ல் றொஜர்ஸ் வழிவந்தோர் நெறிப்படுத்தாது செவிமடுத்தலைப் போற்றினர். அடம்ஸ் இவ்விரண்டையும் ஏற்றிலர். அறிவுறுத்தல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லொன்றினின்றே தம் நெறிக்குப் பெயரிட்ட அவர், ஆலோசனை பெற வந்தோர் வீட்டிற் செய்தற்குரிய பயிற்சிகளை எழுத்தில் வழங்குதலை வலியுறுத்தினார். பிணங்கிய தம்பதியர் நாள்தோறும் குறித்த நேரத்தில் ஒரு மேசையில் அமர்ந்து, மற்றவர் குறையைக் கூறுமுன் தத்தம் குறையைக் கூற வேண்டும் என்பது அவற்றுள் ஒன்றாகும்.

இதன் நியாயம் எளிதிற் புறந்தள்ளத்தக்கதன்று. வாரமொன்றில் 168 மணித்தியாலங்கள் உள. ஆலோசகரின் அறையிற் கழிவதோ ஏறத்தாழ ஒரு மணித்தியாலமே. எஞ்சிய நேரத்திலேயே மனிதன் கோபிக்கின்றான், பொய்யுரைக்கின்றான், மன்னிக்கின்றான். எனவே மாற்றம் நிகழ வேண்டிய களமும் அதுவே. மேலும், பயிற்சி வழங்குதல் 'உம்மால் இயலும்' எனக் கூறாமற் கூறுதலாகும். அது துன்புறுபவரை ஆலோசகரில் என்றும் தங்கி நில்லாது காக்கின்றது. தொழுநோயுற்ற நாகமானை யோர்தானில் ஏழுமுறை மூழ்குமாறு எலிசா பணித்தமையும் இத்தகையதே. மூழ்குதல் நலத்திற்குக் கொடுத்த விலையன்று. நலத்தை ஏற்றுக்கொள்ளும் வழியாகவே அது அமைந்தது.

ஆயின், இங்கேயே இடரும் தோன்றுகின்றது. கொடுக்கப்பட்ட வேலை செய்யப்படாதபோது, அதனைக் கீழ்ப்படியாமை என எளிதிற் கணித்துவிடலாம். ஆழ்ந்த மனச்சோர்வில் எழுந்து நடக்கவும் இயலாதவருக்கு, நிறைவேறாத பயிற்சி மற்றுமொரு குற்றச்சாட்டாகிவிடும். இதனினும் கொடியது பிறிதொன்றுண்டு. மேற்கூறிய மேசை இருவரும் அச்சமின்றிப் பேசத்தக்கவர் என்பதை முற்கொண்டுள்ளது. கணவனால் அடிக்கப்படும் பெண்ணொருத்தியை அம்மேசையில் அமர்த்தி, தன் குறைகளை முதலிற் கூறுமாறு பணித்தல் ஆலோசனையன்று, அநீதிக்குத் துணைபோதலேயாகும். அவளுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு. அதனைத் தேடிக்கொடுத்தல் ஆலோசகரின் வேலையேயன்றி அவளது வீட்டுப்பயிற்சியன்று. இந்நெறியின் பிற்கால அறிஞருள் ஒருவரான டேவிட் பவ்லிசன் முதலியோர், மனிதனைப் பாவம் செய்பவனாக மட்டுமன்றித் துன்பத்திற்கு ஆளாகுபவனாகவும் நோக்க வேண்டுமென வற்புறுத்தியமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

வீட்டுப்பயிற்சி சமயஞ்சார் நெறிக்கு மட்டும் உரியதன்று. ஆரன் பெக் வகுத்த அறிகைச் சிகிச்சையிலும் அது இன்றியமையாத கூறாகும். அங்கே அது ஒரு பரிசோதனையாகக் கருதப்படுகின்றது. செய்ய இயலாமற் போயின், இடையில் நின்ற தடை யாதென ஆராயப்படுகின்றது. இம்மனப்பாங்கைக் கைக்கொள்வதால் வேதாகம நெறி தன் இயல்பை இழந்துவிடாது. ஏனெனில் வேதாகமமே அதற்குச் சான்று தருகின்றது. சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்த எலியாவைத் தேவதூதன் கண்டிக்கவில்லை. உறங்கியவனை இருமுறை எழுப்பி, உண்ணச் செய்தான். ஓரேப் மலைக்குச் சென்றபின்னரே எலியாவுக்குரிய பணி அறிவிக்கப்பட்டது.

ஆகவே ஆறுதலும் வேலையும் ஒன்றற்கொன்று பகையல்ல. அவற்றின் ஒழுங்கும் அளவுமே அறத்தைத் தீர்மானிக்கின்றன. பயிற்சியை வழங்குபவர், பெறுபவரின் வலிமையை முதலில் அறிதல் வேண்டும். அடுத்த சந்திப்பில் 'செய்தீரா?' என வினவுவதோடு அமையாது, 'செய்வது எவ்வளவு கடினமாயிருந்தது?' எனவும் வினவுதல் வேண்டும். முதல் வினாவை மட்டும் அறிந்தவர் பரீட்சகராவார். இரண்டாவதையும் கேட்கத் தெரிந்தவரே துணைவராவார்.