சுவரில் தொங்கும் பட்டம்

கண்ணாடிச் சட்டத்துக்குள்ளே ஒரு படம். பக்கத்திலே திருமகள் படம். காலையிலே கடை திறந்ததும் ஊதுவத்தி கொளுத்துகிறார்கள். புகை இரண்டின் மீதும் படிகிறது. திருமகள் இறங்கி வந்து எவருக்கும் எதுவும் தந்ததில்லை. பக்கத்துப் படத்துக்கு உரியவனும் வந்து எவருக்கும் எதுவும் தருவதில்லை. யார் அவன் என்று கேட்கிறீர்களா, தோழர்களே? அவன்தான் மருந்தாளுநன்! நான்காண்டு பயின்று, தேர்வெழுதி, பட்டம் பெற்று, அரசுப் பதிவேட்டிலே பெயர் பொறித்துக்கொண்டவன். அவன் பெயர் கடையிலே இருக்கிறது, அவன் இல்லை! வேறோர் ஊரிலே வேறொரு வேலையிலே இருக்கிறான். திங்கள்தோறும் தொகை மட்டும் தவறாமல் போய்ச் சேருகிறது. மூலவர் இல்லாத கருவறை. ஆனால் காணிக்கைக்குக் குறைவில்லை!

எல்லாக் கடைகளும் இப்படி என்று நான் சொல்லவில்லை. கால் கடுக்க நின்று, சீட்டைப் படித்து, சந்தேகம் எழுந்தால் மருத்துவரையே கேட்டுத் தெளிந்து மருந்து தரும் நல்லோர் உண்டு. அவர்களுக்கு என் வணக்கம். ஆனால், சான்றிதழை வாடகைக்கு விடும் வழக்கம் நாட்டிலே இருக்கிறது என்பதும், அதை அறியாதவர் அந்தத் துறையிலே எவரும் இல்லை என்பதும் மறைக்க முடியாத உண்மை.

ஆறு திங்களுக்கு முன் ஒரு மாலைப்பொழுது. என்னிடம் பன்னிரண்டாம் வகுப்பிலே தமிழ் பயின்ற இளைஞன் ஒருவன் வீடு தேடி வந்தான். கையிலே பி.பார்ம் பட்டம்; முகத்திலே வாட்டம். தறியிலே கால் மிதித்து மிதித்துத் தேய்ந்தவர் அவன் தந்தை. மகன் படிப்புக்காக வாங்கிய கடன் வட்டியோடு வளர்ந்து நிற்கிறது. "ஐயா, ஒரு கடைக்காரர் கேட்கிறார். சான்றிதழை மட்டும் கொடுத்தால் போதுமாம், மாதாமாதம் பணம் தருகிறாராம். நான் வேறு வேலைக்கும் போகலாம். கொடுக்கட்டுமா?" என்றான்.

நான் தமிழ் படித்தவன், வேதியியல் அறியேன். ஆனால் அவன் கேட்டது வேதியியல் அல்லவே! அது அறத்தின் கேள்வி. அதிலிருந்து நழுவ எனக்கு வழியில்லை.

அவன் வாதங்களை ஒளிக்காமல் உரைக்கிறேன். கடையிலே நிற்பவர் இருபதாண்டு அனுபவசாலி. ஆகவே யாருக்கும் கேடில்லை என்றான். ஊரெங்கும் நடப்பதுதானே என்றான். வயிற்றுப்பாடு இருக்கிறதே என்றான். கடைசியாக, "பட்டம் என்னுடையது, ஐயா. நான் உழைத்துப் பெற்றது. என் பொருளை நான் வாடகைக்கு விட்டால் என்ன?" என்றான்.

சட்டம் சொல்வது அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மருத்துவர் எழுதிய மருந்தைக் கலந்து கொடுக்கும் உரிமை, பதிவு பெற்ற மருந்தாளுநருக்கே உரியது என்கிறது 1948ஆம் ஆண்டின் பார்மசி சட்டம். அவருடைய நேரடிக் கண்காணிப்பிலே மருந்து வழங்கப்பட வேண்டும் என்கின்றன 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகள். ஆனால், சட்டம் தடுப்பதெல்லாம் தீது, சட்டம் விடுவதெல்லாம் நன்று என்று கணக்கிட்டுக்கொண்டால் அறம் எதற்கு? சட்டம் கைவிரித்த இடம் ஒன்றைச் சொல்லுகிறேன், கேளுங்கள்.

1937ஆம் ஆண்டு. அமெரிக்காவிலே ஒரு நிறுவனம், சல்பனிலமைடு என்ற மருந்தைக் குழந்தைகளும் குடிக்கத்தக்க இனிப்புநீராக்க முனைந்தது. எதிலே கரைப்பது? டை எத்திலீன் கிளைக்கால் என்ற நீர்மத்திலே கரைத்தார் அதன் வேதியியலர். சுவை பார்த்தார்கள், மணம் பார்த்தார்கள், நிறம் பார்த்தார்கள். நஞ்சா என்று மட்டும் பார்க்கவில்லை! நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்; அவர்களிலே குழந்தைகள் பலர். சரி, தண்டனை எதற்காக? கொன்றதற்காகவா? அல்ல! "எலிக்சிர்" என்று பெயரிட்டால் அதிலே ஆல்ககால் இருக்க வேண்டுமாம். இந்த மருந்திலே அது இல்லையாம். ஆகவே பெயர்ப் பிழைக்காக அபராதம்! பொறுப்பு எங்களுடையதன்று என்றார் முதலாளி. சோதித்துப் பார்த்த பிறகே விற்க வேண்டும் என்று மறு ஆண்டு, 1938இலே, புதுச் சட்டம் வந்தது. போன உயிர்கள் வரவில்லை.

அந்த நஞ்சை ஆராய்ந்த சிகாகோ பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்திலே மாணவியாக இருந்தவர் பிரான்சிஸ் கெல்சி. மருந்தியல் பயின்ற அந்த அம்மையார், 1960இலே அமெரிக்க அரசின் மருந்து ஆணையத்திலே பணியேற்றார். தாலிடோமைடு என்ற மருந்தை விற்க இசைவு கேட்டு விண்ணப்பம் வந்தது. ஐரோப்பாவிலே விற்பனையாகிறதே, இன்னும் என்ன தயக்கம் என்று நிறுவனம் நெருக்கியது. அவர் அசையவில்லை. ஆதாரம் போதாது என்றார்; மீண்டும் கேட்டார்கள், மீண்டும் அதையே சொன்னார். கருவுற்ற தாய்மார் அம்மருந்தை உண்டதனால், கையும் காலும் குறைந்த குழந்தைகள் பல நாடுகளிலே ஆயிரக்கணக்கிலே பிறந்த கொடுமையை 1961இன் இறுதியிலே உலகம் கண்டது. அமெரிக்கா பெரும்பாலும் தப்பியது. எண்ணிப் பாருங்கள், தோழர்களே! அவரிடம் கேட்கப்பட்டதும் ஒரே ஒரு கையெழுத்துத்தான்!

இது எங்கோ நடந்த பழங்கதை என்று ஒதுக்க முடியுமா? 2025ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா வட்டாரத்திலே, இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். இருபதுக்கும் மேற்பட்ட பிஞ்சுகள்! அந்த மருந்திலே கலந்திருந்ததும் அதே டை எத்திலீன் கிளைக்கால். 1937இலே கொன்ற அதே நஞ்சு! அது தயாரிக்கப்பட்ட இடம் நம் காஞ்சிபுரம் மாவட்டம். அண்ணா பிறந்த மண்ணிலிருந்து அந்தப் புட்டிகள் போயின என்று எண்ணும்போது நெஞ்சு குறுகுகிறது. எண்பத்தெட்டு ஆண்டுகளாக அறிவியல் அறிந்திருந்த ஒன்றைச் சோதிக்க வேண்டிய இடத்திலே சோதிக்காமல் விட்டார்கள். அறிவு ஏட்டிலே இருந்தது. இருக்க வேண்டிய இடத்திலே இல்லை.

இப்போது என் மாணவனின் முதல் வாதத்துக்கு வருகிறேன். அனுபவசாலிக்கு அலமாரி தெரியும், பெயர் தெரியும், விலை தெரியும். காரணம் தெரியுமா? மூட்டுவாத நோய்க்கு மெத்தோட்ரெக்சேட் என்று ஒரு மாத்திரை. கிழமைக்கு ஒருமுறை உண்டால் மருந்து. நாள்தோறும் உண்டால் நஞ்சு, உயிரையே பறிக்கும். குருதி உறையாதிருக்க வார்ஃபாரின் உண்பவர், தலைவலிக்கு ஆஸ்பிரினும் சேர்த்து விழுங்கினால் உள்ளுக்குள்ளே குருதி கசியும். காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, உடல்வலிக்கு ஒன்று என்று மூன்று பெயரிலே மூன்று மாத்திரை வாங்குகிறான் உழைப்பாளி. மூன்றிலும் பாரசிட்டமாலே இருந்தால், அளவு மீறிக் கல்லீரல் கெடும். இவற்றையெல்லாம் கற்பதற்குத்தான் நான்காண்டு! கேடில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? சாவைத் தடுத்தால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. தடுக்கத் தவறினாலோ, செத்தவன் திரும்பி வந்து முறையிடுவதில்லை.

மருத்துவர் ஒருவர் எழுத, மருந்தாளுநர் வேறொருவர் கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு சும்மா வந்ததன்று. 13ஆம் நூற்றாண்டிலேயே, சிசிலியை ஆண்ட இரண்டாம் பிரெடரிக் மன்னன் இரு தொழிலையும் பிரித்து, இருவரும் கூட்டுச் சேர்ந்து ஆதாயம் அடையக் கூடாது என்று ஆணையிட்டான். ஒருவர் தவறினால் மற்றவர் தடுக்க வேண்டும் என்பதே அதன் பயன். நம் வள்ளுவரும் மருத்துவத்தின் கூறுகளை எண்ணியபோது நோயாளி, மருத்துவன், மருந்து என்று மூன்றோடு நிறுத்தவில்லை; அருகிருந்து பணிசெய்வோனை நான்காமவனாக வைத்தார். அருகிருந்து! சுவரிலிருந்து அல்ல.

ஊரெங்கும் நடக்கிறது என்பது இரண்டாம் வாதம். உடன்கட்டை ஏற்றியபோதும் இதைத்தானே சொன்னார்கள்? சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விட்டபோதும் இதைத்தானே சொன்னார்கள்? ஊர் செய்வதெல்லாம் அறமென்றால், 1947இலே அந்தக் கொடுமையைத் தடுக்கச் சட்டம் எதற்கு? டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் பட்ட பாடெல்லாம் எதற்கு?

மூன்றாவது, வறுமை. இங்கேதான் என் நாக்குத் தடுமாறுகிறது. பசித்தவனுக்கு அறம் போதிப்பது எளிது. அவன் கடனை அடைப்பது அரிது. நான்காண்டு படித்தவனுக்கு அற்பக் கூலி கொடுக்கும் முதலாளியை விட்டுவிட்டு, ஆசிரியரும் ஆய்வுக்கூடமும் ஒழுங்காக இல்லாமலே கட்டணம் வசூலிக்கும் கல்வி வணிகனை விட்டுவிட்டு, நெசவாளி மகனை மட்டும் கூண்டிலே ஏற்றினால் அது நீதியாகாது. குற்றத்தின் பெரும்பங்கு அவர்களுடையது. ஆயினும் ஒன்று கேட்டேன். "தம்பி, உனக்கு ஏன் நல்ல ஊதியத்தில் வேலை கிடைக்கவில்லை? காகிதம் மலிவாகக் கிடைக்கும்போது ஆள் எதற்கு என்று கடைக்காரன் எண்ணுவதனால் அல்லவா? வாடகைக்குப் போகும் ஒவ்வொரு சான்றிதழும் ஒரு வேலையைக் கொல்லுகிறது. உன்னைப் போன்ற இன்னொரு ஏழையின் வேலை அது. நீங்கள் சங்கமாகக் கூடி ஊதியம் கேட்டால் நான் உடன் வருகிறேன். காகிதத்தை விற்றுவிட்டால் எதை வைத்துக் கேட்பீர்கள்?" அவன் பேசவில்லை.

இனி, பட்டம் என்னுடையது என்ற வாதம். அவன் உழைத்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த இருக்கை எப்படி வந்தது? வகுப்புரிமை ஆணையைச் சென்னை உயர்நீதிமன்றம் 1950இலும், உச்சநீதிமன்றம் 1951இலும் செல்லாது என்றன. வழக்குக்கு வித்து, மருத்துவக் கல்லூரியிலே இடம் யாருக்கு என்ற கேள்வி. பெரியார் தலைமையிலே தமிழகம் கொதித்து எழுந்தது. அந்த 1951லேயே அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. பிற்படுத்தப்பட்டோருக்கும் ஒடுக்கப்பட்டோருக்கும் கல்வியிலே தனி இடம் தர வழி பிறந்தது. பேர் தெரியாத எத்தனையோ பேர் வீதியிலே நின்று பெற்ற இருக்கையிலே அமர்ந்து படித்தவன், எனக்கு மட்டும் உரிய பொருள் என்று சொல்லலாமா? அது ஊர் கொடுத்த நம்பிக்கை. நம்பிக்கையை வாடகைக்கு விட முடியாது.

இன்னும் ஒன்று. பூணூலை நாம் ஏன் எதிர்த்தோம்? நூலின் மீது பகையா? உழைக்காமல், அறியாமல், அடையாளத்தைக் காட்டியே மதிப்பும் வருவாயும் பெறும் முறையை அல்லவா எதிர்த்தோம்! பிறப்பு வேண்டாம், படிப்பு வேண்டும் என்றோம். படித்து முடித்தபின், அந்தப் படிப்பையும் வெறும் அடையாளமாக்கி, உழைக்காமல் வருவாய் பெற்றால், நூலுக்கும் தாளுக்கும் வேற்றுமை என்ன? தோளிலே கிடந்தது சுவரிலே தொங்குகிறது, அவ்வளவுதான்!

புறப்படும்போது அவன், "நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள், ஐயா?" என்றான். காலைதோறும் வருகைப் பதிவேட்டிலே கையெழுத்திடுகிறேன். கையெழுத்திட்டுவிட்டு வகுப்புக்குப் போகாமல் இருந்தாலும் சம்பளம் வரும். அப்படி ஒரு நாள்கூடச் செய்யாமலிருப்பதே என் விடை என்றேன். என்னிடம் வேறு விடை இல்லை.

அண்மையிலே அவனைக் கண்டேன். பக்கத்து ஊர்க் கடையிலே நிற்கிறான், ஆம், நிற்கிறான்! "கடன் இன்னும் தீரவில்லை, ஐயா. ஆனால் நேற்று ஒரு பாட்டியிடம், கிழமைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்றல்ல என்று மூன்று முறை சொல்லி அனுப்பினேன்" என்றான்.

மருந்தியல் பயிலும் தோழர்களே! நீங்கள் பெறப்போவது சட்டம் போட்டு மாட்டும் தாளன்று. நிற்க வேண்டிய ஓர் இடம். மற்றத் தோழர்களே! கோயில் வாயிலிலே கேள்வி கேட்கக் கற்றவர்கள் நாம். மருந்துக் கடை வாயிலிலும் கேட்போம். சுவரைக் காட்டி, "இவர் எங்கே?" என்று கேட்போம். பதில் வரும்வரை கேட்போம்.