விடை தெரிந்தவர் கேட்கும் கேள்வி

பஸ் ஸ்டாண்டுக்கு வழி தெரிந்த ஒருவர் நம்மிடம் வந்து, "பஸ் ஸ்டாண்டுக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டு, நாம் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றால் கோபம் வரும். அதையே ஓர் ஆசிரியர் செய்தால் வருவதில்லை. அவருக்கு விடை தெரியும் என்பது நமக்கும் தெரியும். நமக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அதனால் தேர்வுக் கேள்வியில் பொய் எதுவும் கிடையாது. அதே கேள்வியை எடுத்து, "நீயே தேடிக் கண்டுபிடி" என்று சொல்லி, அதற்கு ஆய்வு என்று பெயர் வைக்கும்போதுதான் எனக்கு உறுத்த ஆரம்பிக்கிறது. தேடுவது பிள்ளைதான். ஆனால் எதை எங்கே வைக்க வேண்டும் என்று முடிவு செய்தவர் வேறொருவர். ஒளித்து வைத்தவரே தேடச் சொல்வது நேர்மையான செயல்தானா?

இணையத்தை வகுப்பறைக்குள் கொண்டுவந்தவர்கள் தொடக்கத்திலேயே இந்தக் கேள்வியின்மேல் வந்து மோதினார்கள். 1995இல் சான் டியேகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்துகொண்டிருந்த பெர்னி டாட்ஜ், டாம் மார்ச் என்பவரோடு சேர்ந்து ஒரு பாட வடிவத்தை உருவாக்கினார். வெப்குவெஸ்ட் என்று பெயர். முதலில் ஓர் அறிமுகம். பிறகு செய்ய வேண்டிய வேலை, அதைச் செய்யும் படிகள், படிக்க வேண்டிய இணையப் பக்கங்களின் சுட்டிகள், எப்படி மதிப்பெண் தரப்படும் என்ற விளக்கம், முடிவுரை. மாணவர்கள் குழுவாகப் பிரிந்து ஆளுக்கொரு வேடம் போட்டுக்கொள்வார்கள். ஒருவர் வரலாற்றாசிரியர், ஒருவர் வணிகர், ஒருவர் சூழலியலாளர் என்று போகும். கடைசியில் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வர வேண்டும். சுட்டிகளைப் பொறுக்கித் தருவது மட்டும் ஆசிரியரின் வேலை.

அந்தக் கடைசி ஏற்பாடு ஏன் வந்தது என்று புரிந்துகொள்ள 1995க்குப் போக வேண்டும். கூகுள் பிறக்க இன்னும் மூன்று வருடம். ஒரு படம் இறங்குவதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். ஒரு பீரியட் நேரத்தில் முப்பது பிள்ளைகளைத் தேடவிட்டால் பாதி நேரம் தேடலிலேயே கரைந்துபோகும். கிடைத்த தகவலை வைத்துக்கொண்டு யோசிப்பதுதான் முக்கியம், தகவலைத் தேடி அலைவது அல்ல என்பது டாட்ஜின் நிலைப்பாடு. அன்றைக்கு அது நியாயமாகவே இருந்திருக்கும்.

வழிகாட்டாமல் விட்டால் கற்றல் நடக்காது என்ற வாதத்துக்கும் நல்ல பலம் உண்டு. கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006இல் எழுதிய கட்டுரை இன்றுவரை அடிதடியைக் கிளப்பிக்கொண்டிருக்கிறது. புதிதாகக் கற்பவரின் மனம் ஒரே நேரத்தில் தாங்கக்கூடிய சுமை மிகக் குறைவு, அவரைக் காட்டில் விட்டால் காட்டைச் சமாளிப்பதிலேயே தீர்ந்துபோவார் என்கிறார்கள். இன்னும் பின்னால் போனால் பிளேட்டோவின் மெனோ உரையாடல். ஒன்றைப் பற்றி எதுவுமே தெரியாது என்றால் அதை எப்படித் தேடுவாய், கிடைத்தாலும் அதுதான் இது என்று எப்படி அறிவாய் என்று மெனோ கேட்கிறான். சாக்ரடீஸ் பதிலுக்கு ஓர் அடிமைச் சிறுவனைக் கூப்பிட்டு, மண்ணில் ஒரு சதுரம் வரைந்து, இதைப் போல இருமடங்கு பரப்புள்ள சதுரத்துக்குப் பக்கம் எவ்வளவு என்கிறார். பையன் பக்கத்தை இரட்டிப்பாக்குகிறான், தவறு. ஒன்றரை மடங்கு என்கிறான், அதுவும் தவறு. கடைசியில் "எனக்குத் தெரியலையே" என்ற இடத்தில் வந்து நிற்கிறான். அதன் பிறகு சாக்ரடீஸ் மூலைவிட்டத்தை வரைய, பையன் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி விடைக்கு வந்து சேர்கிறான். நான் எதையும் கற்பிக்கவில்லை, கேட்க மட்டுமே செய்தேன் என்கிறார் சாக்ரடீஸ். அடேயப்பா! மூலைவிட்டத்தை வரைந்தது யாராம்? உலகின் முதல் வெப்குவெஸ்ட் அதுதான் என்று எனக்குத் தோன்றும். ஆனாலும் அந்தக் காட்சியில் ஒரு நேர்மை இருக்கிறது. பையன் முட்டிக்கொண்டு நின்ற இடம் உண்மையானது. அந்த "தெரியலையே"வை யாரும் அவனுக்காக ஏற்பாடு செய்து தரவில்லை.

என் தொழிலிலிருந்து ஒன்று சொல்கிறேன். புதிதாகச் சேர்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்க, வேண்டுமென்றே ஒரு பக்கை உள்ளே வைத்து ஒரு சிறிய புரோகிராமைத் தருவோம். பெரும்பாலானவர்கள் ஒரு மணி நேரத்துக்குள் பிடித்துவிடுவார்கள். அதே ஆட்கள் மூன்று மாதம் கழித்து, நிஜமான வாடிக்கையாளரின் கணினியில் வரும் பக்கின் முன்னால் நாள் கணக்கில் திணறுவார்கள். அறிவு குறைந்துவிட்டதா? இல்லை. பயிற்சியில், பக் இந்த இருநூறு வரிக்குள்தான் இருக்கிறது, கண்டுபிடிக்கக்கூடியதுதான், வைத்தவருக்கு அது தெரியும் என்ற மூன்று உத்தரவாதங்கள் சொல்லாமலே கொடுக்கப்பட்டுவிட்டன. நிஜத்தில் மூன்றும் இல்லை. பக் நம் கோடிலேயே இல்லாமல் வேறொருவரின் லைப்ரரியில் இருக்கலாம். அது பக்கே இல்லை, வாடிக்கையாளர் கேட்டதுதான் தவறு என்றுகூட இருக்கலாம். எங்கே தேடுவதை நிறுத்துவது என்ற முடிவை எடுக்க அந்தப் பயிற்சி சொல்லித் தருவதே இல்லை.

பிள்ளைகள் விஷயத்தில் இந்த உத்தரவாதம் என்ன செய்கிறது என்பதற்குப் பிரபலமான உதாரணம் மரத்தில் வாழும் ஆக்டோபஸ். 1998இல் ஒருவர் புனைபெயரில் ஓர் இணையப் பக்கம் தொடங்கினார். அமெரிக்காவின் வடமேற்கு மழைக்காடுகளில் மரமேறும் ஆக்டோபஸ் இருக்கிறது, அழியும் நிலையில் இருக்கிறது, காப்பாற்றுங்கள் என்று. முழுக்க முழுக்கக் கிண்டல். 2000களின் நடுவில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் லூவின் குழு இதை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தது. இணையத்தில் நன்றாகப் படிக்கக்கூடியவர்கள் என்று பெயரெடுத்த பிள்ளைகள். கிட்டத்தட்ட எல்லோரும் நம்பினார்கள். பார்த்தீர்களா, இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதையும் நம்பும் என்று ஊரே உச்சுக்கொட்டியது.

எனக்கு வேறொன்று தோன்றுகிறது. அந்தப் பக்கத்தை அவர்கள் தாங்களாகப் போய்க் கண்டுபிடிக்கவில்லை. பள்ளிச் சூழலில், பெரியவர்கள் அவர்கள் முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். வகுப்பில் கொடுக்கப்படும் எதுவும் ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டது என்பது அவர்கள் வருடக்கணக்காகக் கற்ற பாடம். அவர்கள் ஆக்டோபஸை நம்பினார்களா, அதைக் கொடுத்தவரை நம்பினார்களா? இரண்டாவது என்றால் அதை முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆசிரியரை நம்பும் பிள்ளையைத்தான் நாம் இத்தனை நாளும் நல்ல பிள்ளை என்று சொல்லி வந்திருக்கிறோம்.

ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் செய்த ஆய்வை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். வரலாற்றுப் பேராசிரியர்கள், ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள், செய்திகளின் உண்மையைச் சோதிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் என மூன்று வகையினரிடம் சில இணையப் பக்கங்களைக் காட்டினார்கள். பேராசிரியர்களில் பலர் பக்கத்துக்குள்ளேயே மேலும் கீழும் படித்து ஏமாந்தார்கள். தொழில்முறைச் சோதனையாளர்களோ வந்த சில நொடிகளில் அந்தப் பக்கத்தைவிட்டு வெளியேறி, புதிய டேப்களைத் திறந்து, இதை நடத்துவது யார், இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். வெளியேறத் தெரிவதுதான் திறமை. வெப்குவெஸ்ட் பிள்ளைக்குச் சொல்வது இதற்கு நேர் எதிரானது: கொடுத்த ஆறு பக்கத்தைவிட்டு வெளியே போகாதே.

அதற்காக வேலியைப் பிடுங்கிப் போடு என்று சொல்ல மாட்டேன். பதினொரு வயதுப் பிள்ளைக்கு வேலி வேண்டும். வேலி இருக்கிறது என்று அந்தப் பிள்ளையிடம் சொல்ல வேண்டும் என்பதே என் கட்சி. "இந்த ஆறு பக்கத்தையும் நான் பொறுக்கினேன். இன்ன காரணத்துக்காகப் பொறுக்கினேன். இன்னும் மூன்றை விட்டுவிட்டேன், ஒன்று உங்களுக்குக் கடினம், ஒன்றை எழுதியவர் யாரென்றே தெரியவில்லை, ஒன்று என் கருத்துக்கு எதிரானது." இதை எழுதித் தர ஆசிரியருக்குக் கால் மணி நேரம் ஆகும். மூன்றாவதைச் சொல்லத்தான் கொஞ்சம் தைரியம் வேண்டும். விடை தெரிந்துகொண்டே கேட்பதில் ஏமாற்று கிடையாது, தேர்ந்தெடுத்தவரின் கை கண்ணுக்குத் தெரியாமல் போவதில்தான் இருக்கிறது. திரையில் கேட்டவுடன் விடையைக் கொட்டும் இயந்திரங்கள் வந்துவிட்ட பிறகு அந்தக் கை இன்னும் ஆழமாக மறைந்துவிட்டது.

எப்போதாவது ஒருமுறை, கேட்பவருக்கே விடை தெரியாத கேள்வியும் வகுப்புக்குள் வர வேண்டும். டாட்ஜ் தன் வடிவத்தை உருவாக்கிய அதே 1995இன் கோடையில், மின்னசோட்டாவில் ஒரு பள்ளியின் பிள்ளைகள் வெளியே இயற்கையைப் பார்க்கப் போன இடத்தில் தவளைகளைப் பிடித்தார்கள். பல தவளைகளுக்குக் கால் சரியாக இல்லை. சிலவற்றுக்குக் கால் இல்லாமலே இருந்தது. கூட வந்த ஆசிரியருக்கும் காரணம் தெரியவில்லை, மாநில அதிகாரிகளுக்கும் தெரியவில்லை. பூச்சிமருந்தா, ஒட்டுண்ணியா, புற ஊதாக் கதிரா என்று விஞ்ஞானிகள் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் மார்சியா லின்னின் குழு வைஸ் என்ற இணையவழி அறிவியல் ஆய்வுத் தளத்தை நடத்தி வந்தது. அவர்கள் அந்தச் சண்டையை அப்படியே எடுத்து நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்கான புராஜெக்டாக ஆக்கினார்கள். இரு தரப்புச் சான்றுகளும் திரையில் இருந்தன. சுட்டிகளைப் பொறுக்கியது இங்கேயும் பெரியவர்கள்தான். ஆனால் ஒட்டுண்ணியா ரசாயனமா என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளை வாதாடியபோது, பின்பக்கம் திருப்பிப் பார்க்க விடைப் பக்கம் என்று ஒன்று யாரிடமும் இருக்கவில்லை. 1999இல் பீட்டர் ஜான்சனும் உடன் ஆய்வாளர்களும் ரிபெய்ரோயா என்ற ஒட்டுண்ணியைத் தலைப்பிரட்டைகளின்மேல் விட்டு, அவை கோணல் கால்களோடு வளர்வதைக் காட்டினார்கள். மின்னசோட்டாத் தவளைகள் அத்தனைக்கும் அதுவே காரணமா என்ற விவாதம் அதற்குப் பிறகும் நடந்துகொண்டிருந்தது.