சஷ்டி விரதமும் ஏழாம் நாளும்

ஐப்பசி மாத வளர்பிறைப் பிரதமை தொடக்கம் ஆறு நாட்கள் முருகனடியார்கள் அனுட்டிக்கும் கந்தசஷ்டி விரதம், விரதங்களுள் கடுமையானவற்றில் ஒன்றாகும். பாலும் பழமும் மட்டும் கொள்வோர் உளர். ஒருவேளை உணவுடன் நிற்போர் உளர். மிளகை எண்ணி உண்டு நீர் மட்டும் அருந்தி இருப்போரும் உளர். இவர்கள் காட்டில் தவமிருக்கும் முனிவர்கள் அல்லர். கடை நடத்துபவர், பாடசாலை ஆசிரியர், பஸ் சாரதி, மலையில் கொழுந்து பறிக்கும் தாய் ஆகியோரே இவர்கள். சூரசங்காரம் முடிந்து, ஏழாம் நாள் திருக்கல்யாணமும் கண்டு பாறணை செய்கின்றனர். அதே ஏழாம் நாள் பின்னேரம், வைத்தியர் குறைக்கச் சொல்லி ஆறு மாதமான சீனி, தேநீர்க் கோப்பைக்குள் மூன்று கரண்டியாக விழுகிறது. ஆறு நாள் பசியைத் தாங்கிய ஒருவரால் ஒரு கரண்டிச் சீனியை விட முடியவில்லை.

இது சிரித்துவிட்டுப் போகும் விடயம் அன்று. இதற்குள் மிகப் பழைய வினா ஒன்று இருக்கிறது. தனக்கு நன்மை எது என்று தெளிவாக அறிந்த ஒருவன், அதை ஏன் செய்வதில்லை?

கிரேக்க அறிஞர் சோக்கிரதீசு இதற்கு அளித்த விடை விசித்திரமானது. ஒருவனும் தெரிந்துகொண்டு தீமையைத் தெரிவு செய்வதில்லை; செய்கிறான் என்றால் அவன் உண்மையில் அறியவில்லை என்பதே அவர் கொள்கை. அவருக்குப் பின் வந்த அரிஸ்டோட்டில் இதை அப்படியே ஏற்கவில்லை. அறிந்திருந்தும் ஆசையின் வேகத்தில் வழுவுகின்ற மனிதர் உண்டு என்று கண்டு, தம் அறநூலில் ஒரு பகுதியையே அதற்கு ஒதுக்கினார். பாரதக் கதை மரபிலோ, அறம் எது என்பது தெரிந்தும் மனம் அதன்பால் செல்லவில்லை என்று துரியோதனன் ஒப்புக்கொள்வதாக ஒரு கூற்று வழங்கி வருகிறது. சீனி வருத்தக் கிளினிக்கின் வாங்கில் குந்தியிருக்கும் எவருக்கும் துரியோதனன் சொன்னது உடனே விளங்கும். சோக்கிரதீசு சொன்னது விளங்காது. அங்கே அறியாமை இல்லை. எதை உண்ணக்கூடாது என்பதை அவர்கள் தாதியை விடவும் ஒழுங்காக ஒப்புவிப்பார்கள்.

சைவ சித்தாந்தம் இவ்விடத்தில் வேறொரு பக்கத்திலிருந்து பேசத் தொடங்குகிறது. தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் ஆன்மாவுக்கு இறைவனால் அளிக்கப்பட்டவை. தனு என்பது இந்த உடம்பு. ஆணவ இருளில் கிடக்கும் உயிர் அறிவு விளங்கி ஈடேறுவதற்குக் கொடுக்கப்பட்ட கருவி அது. ஆகவே உடம்பு உயிரின் சொந்தச் சொத்து அன்று, இரவலாகப் பெற்ற பொருள். இரவல் வாங்கிய மண்வெட்டியைத் துருப்பிடிக்க விடுபவனை ஊர் மதிப்பதில்லை. திருமூலரும் முன்னர் உடம்பை இழிவென எண்ணியிருந்து, பின்னர் அதனுள் இறைவன் குடிகொண்டிருக்கக் கண்டு அதனைப் பேணியதாகவே கூறுகிறார். வள்ளுவர் ‘மருந்து’ என ஓர் அதிகாரம் வகுத்தார். அதில் எந்த மூலிகையின் பெயரும் கிடையாது. பெரும்பாலான குறள்கள் உண்ணும் அளவையும், பசியையும், முன்னர் உண்டது செரித்ததா என்பதையுமே பேசுகின்றன. ஆதலால் அளவாக உண்பதும் உடலை அசைத்து வாழ்வதும் பட்டணத்து நாகரிகம் என்று தள்ளத்தக்கவை அல்ல. அவை சமயத்துக்குள்ளேயே இருப்பவை.

ஆனால் இந்த அறிவுரை யாருக்குச் சொல்லப்படுகிறது என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. தெல்தெனியவைச் சூழ்ந்த மலைகளில் இக்கேள்வி கூர்மை பெறுகிறது. அதிகாலையில் எழுந்து, அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, பிரட்டுக்கு ஓடி, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு செங்குத்தான மலையில் ஏறுகிறாள் ஒரு பெண். முழுப்பேர் விழுவதற்குப் பல தோட்டங்களில் 18 கிலோ அளவில் கொழுந்து பறித்தாக வேண்டும். அவளிடம் போய்த் ‘தினமும் அரை மணித்தியாலம் நடவுங்கள்’ என்றால், அது அறிவுரை அன்று, அவமதிப்பு. அவளுடைய குறை உடற்பயிற்சியில் இல்லை, தட்டில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு குடிசன, சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியோர் நூற்றுக்கு 17 பேர் அளவில். தோட்டப்புறத்தில் மட்டும் எடுத்தால் 32 பேர் அளவில். ஏறக்குறைய இரு மடங்கு. இது தாயின் சோம்பலால் வந்தது என்று எந்த மனச்சாட்சியும் சொல்லாது.

அந்தத் தட்டில் ஏன் ரொட்டி இருக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. கோதுமை இலங்கையில் விளைவதில்லை. அரிசியும் மாவும் தோட்டத்தில் கணக்குக்கு வழங்கப்பட்டுச் சம்பளத்தில் கழிக்கப்பட்ட காலம் இருந்தது. பிரட்டுக்கு முன் விரைவாகச் சுடலாம், துணியில் சுற்றி மலைக்குக் கொண்டு போகலாம், கெடாது, வயிற்றை அடைக்கும். கோதுமைமா ரொட்டி மலையகத்தின் உணவானது நாக்கின் விருப்பத்தால் அன்று, நேரமும் கணக்கும் விதித்த விதியால்தான். அதனோடு சம்பலும், சீனி கூடிய சாயத்தண்ணியும். வெயிலிலும் மழையிலும் எட்டு மணித்தியாலம் நின்றவருக்கு அந்தச் சீனி உடனே உடம்பில் தெம்பாகத் தெரியும். ஆகவே அது கெட்ட பழக்கமாக வந்து சேரவில்லை, உதவியாக வந்தது.

பின்னர் என்ன நடக்கிறது? மலையேறிய கால்கள் ஓய்வு பெறுகின்றன. மகன் கண்டியில் கடையொன்றில் நிற்கிறான், பேரன் கொழும்பில் கணினி முன் இருக்கிறான். உழைப்பு போய்விட்டது, அந்த உழைப்புக்கென்று அமைந்த உணவு போகவில்லை. ஒரே வீட்டுக்குள் இரத்தம் குறைந்த தாயும், சீனி கூடிய பாட்டனும், பணிஸும் சோடாவுமாக வளரும் பிள்ளையும் இருக்கின்றனர். 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடந்த நாடளாவிய ஆய்வொன்று, 20 வயதுக்கு மேற்பட்ட இலங்கையரில் பத்துப் பேருக்கு ஒருவர் நீரிழிவு உள்ளவர் எனவும், நீரிழிவுக்கு முந்திய நிலையில் உள்ளோரையும் சேர்த்தால் ஐவரில் ஒருவர் எனவும் கண்டது. நாளுக்கு நான்கு தேநீர், ஒவ்வொன்றுக்கும் மூன்று கரண்டி என்றால் பன்னிரண்டு கரண்டி, ஏறத்தாழ 60 கிராம் சீனி. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு நல்லதென்று கூறும் 25 கிராமின் இரு மடங்குக்கும் மேல். இதில் சோறும் ரொட்டியும் இன்னும் சேரவில்லை.

நடப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. விக்டோரியா நீர்த்தேக்கம் 1984இல் நிரம்பியபோது பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் போய், புதிய நகரம் மேட்டில் எழுந்தது. கடும் வரட்சியில் பழைய ஊரின் எச்சங்கள் தலைகாட்டுவதைப் பார்க்க இன்றும் ஆட்கள் கூடுவர். இந்த ஊரில் நடப்பதென்றால் ஏறுவது அல்லது இறங்குவது. முழங்கால் வலி உள்ளவருக்கு இரண்டும் துன்பமே. வீதியோ மகியங்கனைப் பக்கம் ஓடும் பஸ்களுக்கே போதாத அகலம். இவற்றைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. கையில் பையோ கூடையோ இல்லாமல், போகுமிடமும் இல்லாமல் ஒரு பெண் வீதியில் விரைந்து நடந்தால், ‘எங்கே அக்கா போறீங்க, ஏதும் அவசரமா?’ என்று நாலு பேராவது கேட்பார்கள். சும்மா நடக்கப் போகிறேன் என்று பதில் சொல்லக் கூச்சமாக இருக்கும். மூன்றாம் நாள் அவள் வீட்டோடு நின்றுவிடுவாள். ஊக்கம் குறைந்தது என்று இதற்குப் பெயர் வைக்கிறார்கள். உண்மையில் குறைந்தது ஊக்கம் அன்று, ஊரார் ஒப்பும் ஒரு காரணம்.

இங்கேதான் விரதத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும். ஆறு நாள் விரதம் நிற்பது மன உறுதியால் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது பாதி உண்மைதான். விரதத்துக்குத் தொடக்கம் உண்டு, முடிவு உண்டு. அதைப் பஞ்சாங்கம் தீர்மானிக்கிறது. இன்று தொடங்கலாமா, திங்கட்கிழமை தொடங்கலாமா என்ற வழக்கு மனத்துக்குள் நடப்பதில்லை. காப்புக் கட்டியதை ஊர் பார்க்கிறது. வீட்டில் மச்சம் சமைப்பதில்லை, ஆகவே ஆசையோடு மல்லுக்கட்டும் தேவையே பாதி இல்லாமற் போகிறது. பக்கத்து வீட்டார் பலகாரம் நீட்டினால் ‘விரதம்’ என்ற ஒரு சொல் போதும், அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தட்டை எடுத்துவிடுவார். ‘சீனி’ என்று சொன்னால், ‘ஒன்றுக்கு ஒன்றும் செய்யாது, சாப்பிடுங்கள்’ என்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வாக்கு ஒருவரிடம் கொடுக்கப்பட்டது. தனக்குத் தானே கொடுத்த வாக்கை மனிதன் இலகுவில் மன்னித்துக்கொள்வான். முருகனுக்குக் கொடுத்ததை அப்படி மன்னிக்க மாட்டான். மாசி மாதக் காமன் கூத்தில் வேடம் தரிக்கும் இளைஞர்கள் அந்நாட்களில் சுத்தமாக இருப்பதும் இதே வகையில்தான். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரை வழியாகக் கதிர்காமத்துக்கு 500 கிலோமீற்றருக்கும் மேல் பாதயாத்திரை போகின்ற முதியவர்கள், வீடு திரும்பியதும் சந்திக் கடைக்கு முச்சக்கர வண்டியில் போவதையும் வேறெப்படி விளக்குவது? கால்கள் அதே கால்கள்தான்.

தனிமனித உறுதியை மட்டும் நம்பாத முயற்சிகள் வேறு நாட்டிலும் பலித்திருக்கின்றன. பின்லாந்தின் கிழக்கில் உள்ள வட கரேலியா மாகாணத்தில், உழைக்கும் வயது ஆண்கள் மாரடைப்பால் இறப்பது உலகிலேயே மிக அதிகமாக இருந்தது. பாணில் தடித்த வெண்ணெய், கொழுப்பிறைச்சி, அளவு மீறிய உப்பு, புகைத்தல் என்பவையே காரணம். 1972இல் மருத்துவர் பெக்கா புஸ்காவின் தலைமையில் ஒரு திட்டம் தொடங்கியது. அவர்கள் துண்டுப்பிரசுரத்தோடு நின்றுவிடவில்லை. ஊர்ப் பெண்கள் சங்கங்கள் கூடிச் சமைத்து, மரக்கறி கலந்த பழைய உணவுகளைப் புதிய முறையில் செய்து காட்டின. ஊருக்கு ஊர் போட்டி வைத்தார்கள். பால் பண்ணைகளோடும் உணவு தயாரிப்போரோடும் பேசினார்கள். ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளில் அம்மாகாணத்து உழைக்கும் வயது ஆண்களின் மாரடைப்பு இறப்பு ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் குறைந்தது. அந்த மக்கள் திடீரென்று மனவலிமை பெற்றுவிடவில்லை. ஊரின் அடுப்பு மாறியது, அவ்வளவுதான்.

விரதத்துக்கு அதற்கேயுரிய ஆபத்தும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. காந்தியடிகள் பசுக்கள் படும் துன்பத்தை எண்ணிப் பாலை விலக்க விரதம் பூண்டார். 1918இல் கடும் வயிற்றுளைச்சலால் உடல் நலிந்தபோது, அவர் விலக்கியது பசுப்பாலும் எருமைப்பாலும்தானே, ஆட்டுப்பால் அருந்தலாமே என்று கஸ்தூரிபா எடுத்துச் சொல்ல, அவரும் அருந்தினார். விரதத்தின் எழுத்தைக் காத்து உட்பொருளை விட்டுவிட்டதாகத் தம் சுயசரிதையில் அவரே வருந்துகிறார். காந்தியடிகளுக்கே அப்படி என்றால், ஏகாதசிக்குச் சோற்றை விட்டுவிட்டு எண்ணெயில் பொரித்த பலகாரத்தால் வயிற்றை நிரப்புவோரைப் பெரிதாகக் குறை சொல்வதற்கில்லை. பாறணையன்று ஆறு நாள் பாக்கியை ஒரே பந்தியில் வசூலிப்பதும் நடக்கிறது. நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர் வைத்தியரைக் கேளாமல் பட்டினி கிடந்து மயங்கி விழுவதும் நடக்கிறது. அது பக்தி ஆகாது. இரவல் பொருளை உடைப்பதும் அதைத் துருப்பிடிக்க விடுவது போன்றதே.

உடல் நலனுக்காக விரதம் இருப்பது இறைவனோடு வியாபாரம் செய்வதல்லவா என்று கேட்போரும் உண்டு. நியாயமான கேள்வி. எனினும் தீராத நோய் தீர நேர்த்தி வைப்பதை எந்த ஆலயமும் தடுத்ததில்லை. நோய் வந்த பின் வைக்கும் நேர்த்தி ஏற்கப்படுமாயின், வராமலிருக்க ஒரு மண்டலம் சீனியை விடுவதாக வைக்கும் நேர்த்தி எவ்வகையில் தாழ்ந்தது? காலையில் கோயில் வீதியை ஒன்பது முறை வலம் வருகிறேன் என்று சொல்லும் பெண்ணிடம், எங்கே போகிறாய் என்று யாரும் கேட்கப் போவதுமில்லை. நாற்பத்தெட்டாம் நாள் அவள் நின்றாலும், நாக்கும் காலும் அதற்குள் கொஞ்சம் பழகியிருக்கும். அடுத்த மண்டலத்தைத் தொடங்குவது முதலாவதைவிட எளிது.

விரதத்தை ஊர் கற்பித்ததென்றால், ஊரின் பந்தியிலும் கைவைக்க வேண்டிவரும். சிக்கல் அங்கேதான். அன்னதானத்தில் குரக்கன் பிட்டும், அவித்த கௌபியும், வல்லாரைச் சம்பலும், முருங்கையிலைக் கறியும் வைத்தால் ஒருவரும் முகம் சுளிக்கப் போவதில்லை. மலையில் வேலை செய்து வந்தவருக்குத் தானியமும் கீரையும் அதிகமாகத்தான் வேண்டும், குறைவாக அல்ல. பருப்பைத் தண்ணீராக ஊற்றாமல் தடிப்பாக வைத்தால் அதுவே அவளுக்குச் செய்யும் பெரிய தொண்டு. சர்க்கரைப் பொங்கலை ஒரு கையளவு பிரசாதமாக வாங்குவதால் எவருக்கும் நோய் வருவதில்லை. வில்லங்கம் திருவிழா இரவில் கொடுக்கும் தேநீரில்தான். பெரிய கிடாரத்திலேயே சீனியைக் கொட்டிக் கலக்கி வாளியில் கொண்டு வருகிறார்கள். சீனி வேண்டாதவர் ஒன்றில் அதைக் குடிக்க வேண்டும், அல்லது குளிரில் ஒன்றும் குடியாமல் நிற்க வேண்டும். வெறும் சாயத்தை வாளியிலும், சீனியையோ கித்துள் கருப்பட்டித் துண்டையோ தனித் தட்டிலும் கொண்டு வந்தால் இரு சாராருக்கும் பொருந்தும். கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு சாயம் குடிப்பது கண்டிப் பகுதிக்குப் புதிதும் அன்று. ஆனால் உபயகாரர் சம்மதிக்க மாட்டார். தன் உபயத்தன்று சீனியில் கை சுருக்கிவிட்டதாக ஊர் பேசும் என்பது அவர் அச்சம். அவரை வற்புறுத்தவும் யாருக்கும் மனமில்லை, அவர் கொடுப்பது அன்பினால் என்று எல்லோருக்கும் தெரியும். வாளி வருகிறது. வரிசையில் நிற்பவர்களில் ஐந்தில் ஒருவர் கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டு, ஒரு கணம் அதைப் பார்த்தபடி நிற்கிறார்.